லிங்கை அழுத்தாதே என்று சொல்லிவிட்டு நீங்களே லிங்க் அனுப்பினால்?

இலங்கை மத்திய வங்கி அதிகாரிகளுக்கும், நாட்டிலுள்ள வங்கிகளின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளுக்கும்,

வணக்கம்.

நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கொமினிக்கேஷன் கடை நடத்துகிறேன். போட்டோகொப்பி, பிரின்ட், லெமினேற்றிங், ரீலோட், விசா போம் நிரப்புவது. பெயர்ப்பலகையில் எழுதாத வேலை ஒன்றும் உண்டு, அதற்குக் காசு வாங்குவதில்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்க, இங்கே பிளாற்றில் தனியே இருக்கும் அன்ரிமாரும் அங்கிள்மாரும் போனைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். "தம்பி, இது மெய்யோ பொய்யோ, ஒருக்காப் பார்." பார்த்துச் சொல்வேன். நாளைக்கு மூன்று நான்கு போன் வரும், பென்ஷன் விழும் கிழமையில் இன்னும் கூட வரும்.

ஏழு வருடமாக இது நடக்கிறது. உங்கள் மின்னஞ்சலையும் கள்ளனின் மின்னஞ்சலையும் அருகருகே வைத்து இத்தனை தரம் பார்த்தவர்கள் உங்கள் தலைமையகத்தில்கூட அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

ஒரு ரீச்சரின் கதையோடு தொடங்குகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். என் கடைப் பலகையில் "புகைப்படப் பிரதி" என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்ததைக் கண்டு, அது திருத்தப்படும் வரை உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் நின்றவர். அவரை ஏமாளி என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு ஒருநாள் தபால் திணைக்களத்தின் பெயரில் மின்னஞ்சல் ஒன்று வந்தது. உங்கள் பொதி வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, 82 ரூபா 50 சதம் கட்டினால் மறுபடி அனுப்புவோம். கீழே சிவப்பு நிறத்தில் ஒரு பொத்தான்.

ரீச்சரின் மகன் அந்த மாதம் உண்மையாகவே ஒரு பொதி அனுப்பியிருந்தார். மூக்குக்கண்ணாடி பிரேமும் விற்றமின் குளிசைகளும். கள்ளனுக்கு அது தெரியவே தெரியாது. அவன் இலட்சம் பேருக்கு ஒரே கடிதத்தைப் போடுகிறான், அதில் சில நூறு பேராவது எங்கிருந்தோ ஒரு பொதிக்குக் காத்திருப்பார்கள். கொழும்புத் தமிழர்களில் அந்த எண்ணிக்கை கொஞ்சம் கூடவாகத்தான் இருக்கும். எங்கள் உறவுகள் எல்லாம் பெட்டியில்தானே வந்து சேருகின்றன.

ரீச்சர் அழுத்தினார். கார்ட் இலக்கம் கேட்டது, கொடுத்தார். ஓ.ரி.பி. என்ற ஒருமுறைக் கடவு இலக்கம் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது. இந்த இடத்தில் நீங்கள் "நாங்கள் தொகையையும் எழுதித்தானே அனுப்புகிறோம்" என்பீர்கள். எழுதியிருந்தீர்கள்தான். 410 யூரோ என்று, ஆங்கிலத்தில், இரண்டாவது வரியில். ஆனால் இப்போதைய போன்கள் எஸ்.எம்.எஸ்.ஸை முழுதாகக் காட்டுவதில்லை. திரையின் உச்சியில் ஆறு இலக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து "கொப்பி" என்று ஒரு பொத்தான் தரும். ரீச்சர் பார்த்தது அந்த ஆறு இலக்கத்தை மட்டும். 82 ரூபா 50 சதம் என்று நினைத்து, ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவுக்குக் கிட்டக் கொடுத்துவிட்டார்.

வங்கிக்குப் போனோம். எந்த வங்கி என்று எழுதப்போவதில்லை, எழுதினால் மற்ற வங்கிகளில் இருப்பவர்கள் இந்த மடலை இந்த இடத்திலேயே மூடிவிடுவார்கள். "நீங்களே ஓ.ரி.பி. கொடுத்திருக்கிறீர்கள், நாங்கள் என்ன செய்வது? தெரியாத லிங்கை அழுத்தக் கூடாது என்று எத்தனை தரம் அறிவித்திருக்கிறோம்" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். சட்டப்படி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ரீச்சர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளை மாதிரி கைப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இந்தக் கதை உங்களுக்குப் புதிதல்ல. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

பதினொரு நாள் கழித்து அதே வங்கியிடமிருந்து ரீச்சருக்கு இன்னொரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் விபரங்களைப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் கணக்கின் சேவைகள் மட்டுப்படுத்தப்படலாம், கீழுள்ள பொத்தானை அழுத்துங்கள். முழுக்க ஆங்கிலம். ரீச்சர் இம்முறை தொடவில்லை, போனைத் துணியில் சுற்றிக்கொண்டு வராத குறையாகக் கடைக்குக் கொண்டுவந்தார். நான் பொத்தானில் விரலை வைத்து அப்படியே பிடித்தேன். அப்படிப் பிடித்தால் லிங்க் எங்கே போகிறது என்று போன் காட்டும். மூன்று வரிக்கு நீண்ட எழுத்துக் குவியல். வங்கியின் பெயர் அதில் எங்குமே இல்லை. வேறு ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர், பின்னால் இலக்கங்கள்.

ரீச்சரிடம் "இது கள்ளம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. வங்கியின் இலக்கத்துக்கு அழைத்தோம். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினோம். இருபத்துமூன்று நிமிடம் பாட்டு. அப்புறம் ஒரு தம்பி வந்தார், தமிழ் அவருக்குச் சிரமம், ஆனால் மரியாதையான பிள்ளை. உரையாடலை அப்படியே தருகிறேன்.

"தம்பி, இந்த லிங்க் நீங்கள் அனுப்பினதா?"

"சேர், லிங்க் ஒன்றும் கிளிக் பண்ண வேணாம். லிங்க் எல்லாம் ஆபத்து."

"சரி. ஆனால் புதுப்பிக்காவிட்டால் சேவை நிற்கும் என்று போட்டிருக்கே?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அப்படியா சேர்? அப்ப லிங்க்கில போய்ச் செய்யுங்க."

ரீச்சர் போனை என் கையிலிருந்து வாங்கி மெதுவாக வைத்தார். "சோதினை வைக்கினம்," என்றார், "விடை அவைக்கே தெரியாது."

மின்னஞ்சல் உண்மையானதுதான் என்று மூன்று நாள் கழித்துக் கிளையில் உறுதி செய்தார்கள். காரணமும் எனக்குப் பிறகு விளங்கியது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் மின்னஞ்சல் அனுப்ப வங்கிகள் வெளி நிறுவனங்களின் சேவையை எடுக்கின்றன. யார் அழுத்தினார்கள், எத்தனை மணிக்கு அழுத்தினார்கள் என்று கணக்கெடுப்பதற்காக அந்தச் சேவை உங்கள் லிங்கை எடுத்துவிட்டுத் தன் லிங்கை வைக்கிறது. அழுத்துபவர் முதலில் அங்கே போய், பிறகுதான் உங்களிடம் வருகிறார். உங்கள் சந்தைப்படுத்தல் பிரிவுக்கு அது நல்ல வசதி. எனக்கோ, ஏழு வருட அனுபவத்தையும் வைத்துக்கொண்டு, மெய்யான வங்கியைக் கள்ளன் என்று சொல்ல வேண்டி வந்தது. அன்று நான் பிழை. நாளைக்கு மறுபக்கம் பிழைவிட்டு, கள்ளனை வங்கி என்று சொல்லிவிட்டால்?

சந்தேகமான லிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீங்கள் அவ்வப்போது படம் போட்டு விளக்குகிறீர்கள். அந்த விளக்கங்கள் பெரும்பாலும் அரைகுறை. நான் ரீச்சருக்குச் சொல்லிக்கொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெயர்களில் இனிஷியல் முன்னால் நிற்கும், ஆள் கடைசியில் நிற்பார். வே. க. சு. கந்தையா என்றால் ஆள் கந்தையா. முன்னால் இன்னும் நாலு எழுத்துப் போட்டாலும் கந்தையாதான். இணைய முகவரியும் அந்த மாதிரித்தான், ஒரே வித்தியாசம், பெயருக்குப் பின்னால் ஊரும் ஒட்டியிருக்கும். கந்தையா டொட் பருத்தித்துறை. கொம், எல்கே, டொப், இதெல்லாம் ஊர். ஊருக்கு முன்னால் நிற்பவர் ஆள். அதற்கு முன்னால் புள்ளி வைத்து என்ன எழுதியிருந்தாலும் வெறும் இனிஷியல், யாரும் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முகவரி எங்கே முடிகிறது? தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டால், அடுத்து வரும் முதல் சாய்கோட்டோடு முடிகிறது. அந்தக் கோட்டில் விரலை வைத்து இடப்பக்கமாகப் பின்னால் வாசிக்க வேண்டும். முதலில் ஊர், பிறகு ஆள்.

எங்கள் நாட்டில் சில ஊர்களுக்கு இரண்டு சொல். அரச நிறுவனம் என்றால் ஜிஓவி டொட் எல்கே, அது அரசுக்கு மட்டும் கொடுக்கப்படும் ஊர். தபால் திணைக்களத்தின் உண்மையான முகவரி எஸ்எல்போஸ்ட் டொட் ஜிஓவி டொட் எல்கே. ரீச்சருக்கு வந்ததில் என்ன இருந்தது தெரியுமா? எஸ்எல்போஸ்ட் டொட் ஜிஓவி டொட் எல்கே, அதோடு ஒட்டி ஒரு சின்னக் கிடைக்கோடு, பார்சல் டொட் டொப். இடமிருந்து வாசித்தால் முழுக்க அரசாங்கம். வலமிருந்து வாசித்தால் ஊர் டொப், ஆளின் பெயர் "எல்கே-பார்சல்". ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அப்ப தபால் திணைக்களம் இந்தாளுக்கு வெறும் இனிஷியலோ?" ஓம் ரீச்சர், வெறும் இனிஷியல்.

அந்த ஒரு கிடைக்கோட்டை நீங்கள் யாருமே தமிழில் விளக்கி நான் காணவில்லை.

அதற்குப் பதிலாக என்ன சொல்கிறீர்கள்? பூட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறீர்கள். கடைக்கு வருபவர்கள் காட்டும் துண்டுப்பிரசுரங்களில் இன்றைக்கும் அது இருக்கிறது. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே வழியில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதைத்தான் பூட்டு சொல்லும், தளத்தை வைத்திருப்பவன் யார் என்று அது சொல்லாது. கள்ளனும் சில நிமிடங்களில் சல்லிக்காசு செலவில்லாமல் பூட்டு வாங்கலாம். மக்கள் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பதற்காகவே கூகுள் 2023 இல் குரோம் உலாவியிலிருந்து அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது. உங்கள் பிரசுரங்களில் இன்னும் தொங்குகிறது.

அடுத்தது, எழுத்துப்பிழை இருந்தால் போலி என்பது. இதைக் கேட்டால் ரீச்சருக்குச் சிரிப்பு வரும். எழுத்துப்பிழையை வைத்துப் போலியைப் பிடிப்பதென்றால் இந்த நாட்டில் தமிழில் எழுதிய அரச பலகைகள் எத்தனை மிஞ்சும்? உங்கள் கிளைகளில் ஒட்டியிருக்கும் தமிழ் அறிவித்தல்களை ஒருக்கா நின்று வாசியுங்கள். "வாடிக்கையளார்" என்று எழுதிய வங்கியும் உண்டு. கள்ளனோ இப்போது செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குகிறான், ஒற்றுப்பிழைகூட இல்லாமல் வருகிறது. போன மாதம் கடைக்கு வந்த ஒரு போலி மின்னஞ்சலின் தமிழ் உங்களுடையதைவிடத் திறம். அந்தச் சோதனை இனிச் செல்லாது.

ஒரு காலத்தில் அது பெரிய சோதனையாக இருந்தது உண்மை, அதுவும் இந்தக் கொழும்போடு சம்பந்தப்பட்ட விடயத்தில். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து திருடப்பட்ட பணத்தில் 20 மில்லியன் டொலர் இலங்கைக்கு வந்தது. பெறுநரின் பெயரில் "ஃபவுண்டேஷன்" என்று இருக்க வேண்டியது "ஃபாண்டேஷன்" என்று இருந்ததால் இடைநடுவே நின்ற வங்கி சந்தேகப்பட்டு விசாரித்தது, பணம் திரும்பிப் போயிற்று. பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியனில் பெரும்பகுதி போனது போனதுதான். அந்தக் கொள்ளை எங்கே தொடங்கியது என்றும் நினைவிருக்கும்: வேலை கேட்டு எழுதுபவர் போல, சுயவிபரக்கோவைக்கு ஒரு லிங்கோடு, வங்கி ஊழியர்களுக்குப் போன மின்னஞ்சலில். அழுத்தியது வங்கிக்காரர்கள். ரீச்சர் அல்ல.

எங்கள் அரசாங்கமும் இதில் குறைந்ததல்ல. 2023 ஆகஸ்டில் அரச மேகக் கணினியில், கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்து, அந்த வருடம் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. ஜிஓவி டொட் எல்கே மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ ஐயாயிரம், அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்தக் காலத்துக்கான பிரதிகூட எடுத்து வைக்கப்படவில்லை. சில கிழமைகளாகவே சந்தேகமான லிங்குகள் வந்துகொண்டிருந்தன, யாராவது அழுத்தியிருக்கலாம் என்று பொறுப்பான அதிகாரி அப்போது சொன்னார். நான் யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. கணினிப் பிரிவு உள்ள அலுவலகத்திலேயே விரல் தவறும் என்றால், கண்புரை வெட்டி இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு மனுஷியிடம் "நீங்கள் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்வது எவ்வளவு நியாயம்?

கண் என்றதும் ஞாபகம் வருகிறது. லிங்கை வாசிக்கும் முறையை எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் கண் ஏமாறும் இடம் உண்டு. ஆங்கிலத்தில் சின்ன ஆர் (r), என் (n) இரண்டும் நெருங்கி நின்றால் எம் (m) போலத் தெரியும். ருஷ்ய எழுத்துகளில் ஒன்று ஆங்கில ஏ (a) போலவே இருக்கும், கணினிக்கு மட்டும் வேறு. ரீச்சருக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்து, கடைசியில் கணினியில் "ஔவை" என்று இரண்டு தரம் தட்டினேன். ஒன்று சரியான ஔ. மற்றது ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரம். இரண்டையும் பார்த்து முகம் சுளித்தார், வித்தியாசம் தெரியவில்லை. தேடுபெட்டியில் போட்டால் ஒன்றைத் தேட மற்றது வராது. தமிழ் இலக்கம் ஒன்றும் ககரமும் அப்படித்தான், ஏழும் எகரமும் அப்படித்தான். "முப்பது வருஷம் சிவப்புப் பேனா பிடிச்ச எனக்கே தெரியேல்ல" என்றார். அதுதான் விடயம். கண்ணை நம்பி ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைக் கட்டக் கூடாது.

ஆகவே கடைக்கு வருபவர்களிடம் இப்போது வேறு விதமாகச் சொல்கிறேன். லிங்க் மெய்யா பொய்யா என்று ஆராயவே வேண்டாம். வங்கி கேட்டதாக இருந்தால் வங்கியின் அப்பைத் திறந்து பாருங்கள், இல்லாவிட்டால் கார்ட்டின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுங்கள். தபால் என்றால் தபால் கந்தோருக்கு நடந்து போங்கள், உடம்புக்கும் நல்லது. அழுத்தி விபரமும் கொடுத்துவிட்டீர்களென்றால் அழ நேரமில்லை, முதலில் கார்ட்டை நிறுத்துங்கள், பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள், பிறகு கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 க்குச் சொல்லுங்கள். அந்த இலக்கம் யாருக்கும் மறக்காது, காலி வீதியில் மொறட்டுவை பஸ்ஸும் அதுதான்.

இந்த ஆலோசனை வேலை செய்ய ஒன்று மட்டும் தடையாக இருக்கிறது, நீங்கள். நான் "வங்கி லிங்க் அனுப்பாது" என்று ஒருவருக்குச் சொல்லி அனுப்பினால் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் ஒன்று அனுப்பிவிடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை புஃபேக்கு 25 வீதம் கழிவு, இங்கே அழுத்துங்கள். புதிய தவணைத் திட்டம், இங்கே அழுத்துங்கள். அதுவும் எஸ்.எம்.எஸ். என்றால் சுருக்கிய லிங்க், ஆள் யார் ஊர் எது என்று தெரியவே தெரியாது. கள்ளனின் போலி எஸ்.எம்.எஸ். உங்கள் பெயரைப் போட்டு வரும்போது போன் அதை உங்கள் பழைய செய்திகளுக்குக் கீழேயே வரிசையில் வைக்கிறது. மேலே நீங்கள் அனுப்பிய பத்து லிங்க், கீழே அவன் அனுப்பிய ஒன்று. அழுத்தும் பழக்கத்தைப் பத்துத் தரம் பழக்கியது யார்?

இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலி எஸ்.எம்.எஸ்.களால் ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் சிங்கப்பூர் டொலரை இழந்தார்கள். அடுத்த மாதமே அந்நாட்டு நாணய ஆணையமும் வங்கிகளின் சங்கமும் சேர்ந்து அறிவித்தன: சாதாரண வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் எஸ்.எம்.எஸ்.ஸிலும் அழுத்தக்கூடிய லிங்க் இருக்கக் கூடாது. அவகாசம் இரண்டு கிழமை. ஏமாந்தவர்களை ஏசிக்கொண்டிருக்கவில்லை, வங்கி நல்லெண்ணமாக அவர்கள் பணத்தைத் திருப்பியும் கொடுத்தது. இந்தியாவின் ரிசர்வ் வங்கி வேறு வழியில் போயிற்று. எல்லா வங்கிகளும் "பாங்க் டொட் ஐஎன்" என்ற ஒரே ஊருக்குக் குடிமாற வேண்டும் என்று 2025 இல் சொல்லி, அக்டோபர் 31 ஐக் கடைசி நாளாக வைத்தது. வங்கியல்லாத யாருக்கும் அந்த ஊரில் காணி கிடையாது. ஊரைப் பார்த்தால் போதும், ஆளைத் தேட வேண்டியதில்லை.

மத்திய வங்கியிடம் நான் கேட்பது இதில் முதலாவதை. இரண்டாவதுக்குக் காலமும் காசும் வேண்டும், ஆறுதலாகச் செய்யுங்கள். ஆனால் லிங்க் அனுப்புவதை நிறுத்தக் காசு வேண்டியதில்லை. ஒரு சுற்றுநிருபம் போதும். வங்கிகள் சொல்லும், வாடிக்கையாளருக்கு வசதி குறையும் என்று. கழிவு விபரத்தை அப்பில் போடட்டும், புஃபே சாப்பிட விரும்புபவர் தேடிப் பிடிப்பார்.

தமிழில் ஏன் எச்சரிக்கை வருவதில்லை என்று ஒரு வங்கி ஊழியரிடம் கதையோடு கதையாகக் கேட்டேன். அவர் சொன்ன காரணம் நியாயமாகவே இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து. தமிழிலோ சிங்களத்திலோ அனுப்பினால் 70 தான். அதிலும் தமிழில் நாங்கள் மூன்றெழுத்து என்று எண்ணும் "வங்கி" எஸ்.எம்.எஸ். கணக்கில் ஐந்து, புள்ளியும் "கி"யின் விசிறியும் தனித்தனி எழுத்து. 70 ஐத் தாண்டினால் இரண்டு எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் காசு. இலட்சக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும்போது அது சின்னத் தொகையல்ல.

அன்றிரவு கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இந்த வசனம்:

நாங்கள் லிங்க் அனுப்புவதில்லை. வந்தால் அது கள்ளம்.

புள்ளி, விசிறி, இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 50. ஒரே எஸ்.எம்.எஸ்., இன்னும் 20 எழுத்துக்கு இடம் மிச்சம், வங்கியின் பெயரையும் போடலாம். ரீச்சரிடம் காட்டினேன். "கள்ளம்" என்பது பேச்சுவழக்கு, "போலி" என்று போடலாமே என்றார், பிறகு அவரே "வேண்டாம், கள்ளம் என்றால்தான் பயம் வரும்" என்று விட்டுவிட்டார். பிழை திருத்தி அனுமதித்த வசனம் என்பதற்கு அதுதான் சான்றிதழ்.

இந்த வசனத்தை அனுப்ப உங்களுக்கு ஒரேயொரு தகுதி வேண்டும். முதல் பாதி உண்மையாக இருக்க வேண்டும்.

இப்போதைக்கு அதை ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அடித்து, லெமினேற் பண்ணி, கடைக் கண்ணாடியில் வீதிப் பக்கம் பார்க்க ஒட்டியிருக்கிறேன். மேலே வங்கியின் பெயருக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். உங்களில் எது முதலில் நிறுத்துகிறதோ அதன் பெயரை மார்க்கர் பேனாவால் நானே எழுதுவேன். வருபவர்கள் "தம்பி, எந்த பேங்க்?" என்று கேட்கிறார்கள். இன்னும் சொல்லவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைக் கொமினிக்கேஷன் கடைக்காரன்